அஞ்சாங்கிளாஸுக்கு உணவுச் சங்கிலி: மான், புலி இல்லாத ஊர்ல எப்படி சொல்லித் தரது?

அஞ்சாப்பு டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் திருவாரூர் பக்கம் ஒரு கிராமத்துல தொடக்கப்பள்ளி டீச்சர். நாலாப்பும் அஞ்சாப்பும் ஒரே ரூம்ல உக்காருவாங்க, மொத்தம் 23 புள்ளைங்க. போன வாரம் உணவுச் சங்கிலி பாடம் எடுத்தேன், போர்டுல வழக்கம்போல புல், மான், புலி வரைஞ்சு அம்பு போட்டேன். பின்னாடி பெஞ்சுல இருந்து ஒரு பையன் எந்திரிச்சு "டீச்சர், நம்ம ஊர்ல மானும் இல்ல புலியும் இல்ல, அப்ப நம்ம ஊர்ல உணவுச் சங்கிலி கிடையாதா"ன்னு கேட்டான். கிண்டலா கேக்கல, நெஜமாவே சந்தேகம். அன்னைக்கு ராத்திரி பூரா அதே நெனப்பு.
அடுத்த நாள் சின்ன டெஸ்ட் வெச்சேன். 23 நோட்டுல 17 நோட்டுல அம்பு திரும்பி இருக்கு, பாம்புலேர்ந்து எலிக்கு போகுது, எலிலேர்ந்து நெல்லுக்கு போகுது. அப்புறம் படம் போட்ட அட்டை குடுத்து பிரிக்க சொன்னா வௌவால் பறவை கூட்டத்துல, இறால் மீன் கூட்டத்துல, தவளையும் மீன் கூட்டத்துல, எட்டுக்கால் பூச்சி பூச்சிங்களோட இருக்கு. தப்புன்னு சிவப்பு மையில போட எனக்கு மனசு வரல, ஏன்னா அவங்க பக்கம் ஒரு நியாயம் இருக்குன்னு தோணுது. ரெண்டு பாடத்தையும் திரும்ப முதல்லேர்ந்து எடுக்கலாம்னு இருக்கேன். எப்படி ஆரம்பிக்கிறது? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

களத்துமேடு:
டீச்சர், அந்தப் பையன் கேட்டதுக்கு பதில் உங்க ஸ்கூல் காம்பவுண்ட தாண்டினா வரப்புலயே கெடக்கு. நான் ரெண்டு ஏக்கர் நெல்லு போடறவன், எனக்கு புத்தகம் தெரியாது ஆனா யாரு யார திங்கறாங்கன்னு தெரியும். நெல்ல வரப்பெலி திங்கும், வரப்பெலிய சாரை முழுங்கும், சாரைய மயிலு கொத்தும். இது ஒரு வரிசை. இன்னொன்னு கண்ணுக்கு சுலபமா தெரியாது, தூருகிட்ட குனிஞ்சு பாக்கணும், அங்க புகையான் பூச்சி உக்காந்து சாறு உறிஞ்சிக்கிட்டு இருக்கும், அத புடிக்க சிலந்தி ஓடும், சிலந்திய தவளை நாக்க நீட்டி இழுத்துக்கும், தவளைக்கு கொக்கு காத்துக்கிட்டு ஒத்தக்கால்ல நிக்கும். ஒரே வயலுக்குள்ள இத்தன.
இன்னொன்னையும் சொல்லணும். எங்க அப்பா காலத்துல புகையான் வந்துச்சுன்னா ஒடனே மருந்தடிப்பாங்க, அடிச்ச கொஞ்ச நாள்ல முன்னவிட அதிகமா வரும், ஏன்னு யாருக்கும் புரியாது. அப்புறம் பயிற்சிக்கு போனப்பதான் சொன்னாங்க, மருந்துல சிலந்தியும் தட்டானும் செத்துடுது, புகையான் முட்ட இலைத்தாளுக்குள்ள பத்திரமா இருந்துடுது, பொரிச்சு வெளிய வரும்போது திங்க ஆளே இல்ல. சங்கிலில ஒரு கண்ணிய அறுத்தா என்ன ஆகும்னு புள்ளைங்களுக்கு சொல்ல இதவிட வேற என்ன வேணும்.

ரெண்டு புள்ள அம்மா:
அண்ணே நீங்க சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்க புள்ளைங்கள வரப்புக்கு கூட்டிட்டு போறதுன்னா எனக்கு பயமா இருக்கு. சாரையும் நல்லபாம்பும் எங்களுக்கே சட்டுன்னு வித்தியாசம் தெரியாது. எங்க பொண்ணு அஞ்சாவது, "பாம்ப அடிக்கக் கூடாது அது விவசாயிக்கு நண்பன்"னு வந்து சொல்றா, சந்தோஷம்தான், ஆனா கிட்ட போய் பாக்கலாம்னு கெளம்பிட்டான்னா?

களத்துமேடு:
பயம் சரிதாம்மா, நான் இல்லன்னு சொல்லல. அறுப்புக்கு முன்னாடி வயல் மூடி இருக்கும்போது கூட்டிட்டு போக வேண்டாம். நாத்து விட்டு கொஞ்ச நாள்ல, காலைல எட்டு மணி வெளிச்சத்துல, ரோட்டு ஓரமா இருக்கற மடைகிட்ட நின்னு பாத்தாலே போதும். தவளை, தலைப்பிரட்டை, தட்டான், நண்டு, நத்தை, கொக்கு எல்லாம் அங்கயே இருக்கும். பாம்ப பாக்கணும்னு அவசியமே இல்ல, சட்டை உரிச்சது கெடந்தா அது போதும்.

ஓய்வு தமிழய்யா:
டீச்சர், அம்புக்குறி விஷயத்துக்கு ஒண்ணு சொல்றேன். முப்பது வருஷம் தமிழ் நடத்தினவன், அறிவியல் எனக்கு ஓரளவுதான், ஆனா இந்தத் தப்பு எங்கேர்ந்து வருதுன்னு எனக்கு தெரியுற மாதிரி இருக்கு. "பாம்பு எலியைத் தின்னும்"னு வாக்கியம் சொல்லிட்டு படம் வரைய சொன்னா புள்ள மொதல்ல பாம்ப எழுதுவான், அப்புறம் எலி, நடுவுல அம்பு. தின்னுறவன் கை எந்தப் பக்கம் நீளுதோ அந்தப் பக்கம் அம்பு. அவன் அளவுல அது சரி. நீங்க வாக்கியத்த மாத்துங்க. "நெல் எலிக்கு, எலி பாம்புக்கு, பாம்பு மயிலுக்கு." அந்த "க்கு" இருக்கு பாருங்க, அதுதான் அம்பு. யாருக்கு சாப்பாடு போகுதுன்னு கேளுங்க, தின்னுறது யாருன்னு கேக்காதீங்க. நான்காம் வேற்றுமைய இலக்கண வகுப்புல உருப்போட வெக்கிறதவிட இங்க சுலபமா பதியும். அம்பு வரையும்போது வாயால "க்கு, க்கு"ன்னு சொல்லிக்கிட்டே வரையச் சொல்லுங்க.

அஞ்சாப்பு டீச்சர்:
ஐயா, இத இன்னைக்கே செஞ்சு பாத்துட்டு வந்து எழுதுறேன். பத்து வருஷமா "அம்பு என்பது ஆற்றல் செல்லும் திசை"ன்னு எழுதிப் போட்டுக்கிட்டு இருந்தேன், புள்ளைங்களுக்கு ஆற்றல்னா கரண்டு.

கூகை பாக்கறவன்:
டீச்சர், வகைப்பாடு சங்கிலி ரெண்டையும் ஒரே மேசைல வெச்சு சொல்லித்தர ஒரு வழி இருக்கு, நான் ரெண்டு ஸ்கூல்ல செஞ்சிருக்கேன். உங்க ஊர் கோயில் கோபுரத்துலயோ பழைய நெல்லு குடோன்லயோ கூகை இருக்கான்னு விசாரிங்க. முகம் இதய வடிவத்துல வெள்ளையா, ராத்திரி கிறீச்னு கத்தும், அதப் பாத்து அபசகுனம்னு கல்லெறிவாங்க, ரொம்ப கஷ்டமா இருக்கும் பாக்க. அது எலிய கடிச்சு துண்டு போடாம பெரும்பாலும் முழுசா முழுங்கிடும். சதை செரிக்கும், எலும்பும் முடியும் செரிக்காது, அத ஒரு உருண்டையா கட்டி வாய் வழியா வெளிய தள்ளிடும், அது எச்சம் கெடையாது. கட்டவிரல் நீளத்துக்கு, புதுசுன்னா கருப்பா பளபளன்னு, காஞ்சதுன்னா சாம்பல் கலர்ல கோபுரத்துக்கு அடில கெடக்கும்.
எடுத்து அலுமினிய தாள்ல சுத்தி ஓவன்ல நல்லா சூடு பண்ணிட்டு, கையுறை போட்டு, வெதுவெதுப்பான தண்ணில ஊற வெச்சு, ஊசியும் இடுக்கியும் குடுத்து பிரிக்க சொல்லுங்க. முடிக்கு நடுவுல பஞ்சுக்குள்ள ஊசி மாதிரி வெள்ளை எலும்பு வரும், விலா எலும்பு நம்ம நகத்துல பாதி கூட இருக்காது. ஒரு உருண்டைல மூணு நாலு மண்டை ஓடு சாதாரணமா கெடைக்கும்.
இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன். மண்டை ஓட்டோட பல்ல பாக்க சொல்லுங்க. எலியா இருந்தா முன்னாடி உளி மாதிரி ஆரஞ்சு மஞ்சள் கலர்ல நீளப் பல்லு, அதுக்கப்புறம் பெரிய காலி இடம், கடைசில அரைக்கிற பல்லு. மூஞ்சூறா இருந்தா காலி இடமே இருக்காது, வரிசையா கூர் கூரா வெள்ளைப் பல்லு. நாம ரெண்டையும் எலின்னுதான் சொல்றோம், ஆனா மூஞ்சூறு எலியே கெடையாது, பூச்சி திங்கற வேற ஒரு கூட்டம். எலி தானியம் கொறிக்குது, மூஞ்சூறு கரப்பான் வண்டு மண்புழுன்னு புடிக்குது. ஆக ஒரே உருண்டைக்குள்ள நெல் எலிக்கு, எலி கூகைக்கு ஒரு சங்கிலி, இலை பூச்சிக்கு, பூச்சி மூஞ்சூறுக்கு, மூஞ்சூறு கூகைக்கு இன்னொரு சங்கிலி. ரெண்டு சங்கிலி ஒரு எடத்துல சேர்ந்தா அதுதான் உணவு வலை. வலைன்னு படம் போட்டு காட்டவே வேண்டாம்.

ரெண்டு புள்ள அம்மா:
சொல்லும்போதே ஒரு மாதிரி இருக்கே சார், வாந்தியில கைய வெக்க சொல்றீங்களே. புள்ளைங்களுக்கு ஏதாவது நோய் வந்துடாதா?

கூகை பாக்கறவன்:
அதுக்குத்தான் சூடு பண்றதும் கையுறையும் அக்கா, அதுல சமரசமே கூடாது, முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கழுவணும். காஞ்ச உருண்டைல நாத்தம் இருக்காது, பழைய கம்பளி மாதிரிதான் இருக்கும். வேண்டாம்னு சொல்ற புள்ளைய கட்டாயப்படுத்தாதீங்க, பக்கத்துல நின்னு பாக்கட்டும், பாதி நேரத்துல தானா கிட்ட வந்துரும்.

மல்லிப்பட்டினம் தம்பி:
இறால மீன்ல சேத்ததுக்கு புள்ளைங்கள குத்தம் சொல்ல முடியாது டீச்சர், எங்க கடக்கரைல நாங்களே இறால் மீன்னு தான சொல்றோம். பேரே ஏமாத்துது. நட்சத்திர மீன் மீன் இல்ல, கணவாய் மீன் மீன் இல்ல, ஆனா கடல்குதிரை மீன்தான், அதுக்கு செவுளும் துடுப்பும் இருக்கு, ஆம்பளதான் பைக்குள்ள முட்டைய வெச்சு சுமக்கும். கடல் அட்டைன்னு ஒண்ணு, அதுக்கும் வயல்ல கால்ல ஒட்டுற அட்டைக்கும் சம்பந்தமே இல்ல, அது நட்சத்திர மீனுக்கு சொந்தம், முட்தோலிங்கற கூட்டம். கணவாய் நத்தைக்கு சொந்தம். இறாலும் நண்டும் எட்டுக்கால் பூச்சிக்கும் தட்டானுக்கும் சொந்தம், எல்லாத்துக்கும் கணுக்கணுவா மடியுற காலு, வெளில ஓடு. எட்டுக்கால் பூச்சிக்கு பேருல பூச்சி இருந்தாலும் பூச்சின்னா ஆறு கால்தான், எண்ணிப் பாத்தாலே அது வெளிய வந்துரும். அவங்க வீட்டு இறால் உரிக்கும்போது பக்கத்துல உக்கார வெச்சு "முதுகுல முள்ளு இருக்கா தேடு"ன்னு சொன்னா போதும், மீன்ல முள்ளு தொண்டைல குத்துது இறால்ல குத்தல, ஏன்னு அவனே கண்டுபிடிப்பான். முதுகெலும்பு உள்ளது இல்லாததுங்கறது அங்க முடிஞ்சு போச்சு.
இன்னொன்னு, மானும் புலியும் வேண்டாம்னா ஆவுளியா இருக்கு. கடற்பசுன்னு புத்தகத்துல போடுவாங்க. பாக்க பெரிய மீன் மாதிரி இருக்கும், ஆனா மூச்சு விட மேல வந்தே ஆகணும், குட்டி போட்டு பால் குடுக்கும். வலைல மாட்டி மேல வர முடியாம போனா மூச்சு முட்டி செத்துரும், எங்காளுங்க பாத்தா வலைய அறுத்து விடுறாங்க இப்ப. அது திங்கறது கடற்புல்லு மட்டுந்தான், ஒரு நாளைக்கு முப்பது நாப்பது கிலோ. 2022-ல எங்க தஞ்சாவூர் புதுக்கோட்டை கடலோரம் பாக் விரிகுடால 448 சதுர கிலோமீட்டர ஆவுளியாவுக்குன்னே பாதுகாப்பகமா அறிவிச்சாங்க, இந்தியாவுலயே மொதல் தடவ. திருவாரூர் புள்ளைங்களுக்கு இது பக்கத்து கடல்.

ஓய்வு தமிழய்யா:
வௌவாலுக்கு ஒரு வழி. "றெக்கை இருந்தா பறவை"ன்னு புள்ள நெனக்கிறான். இறக்கை வேற, இறகு வேற. தட்டானுக்கும் இறக்கை இருக்கு, வௌவாலுக்கும் இருக்கு, ஆனா இறகு பறவைக்கு மட்டும்தான் இருக்கு. கோழி இறகு ஒண்ணு மயிலிறகு ஒண்ணு கைல குடுத்துட்டு, வௌவால் படத்த காட்டி இது எங்க இருக்குன்னு தேட சொல்லுங்க. அங்க தோலும் முடியும்தான் இருக்கும்.
வகைப்பாடுன்னு வந்துட்டா தொல்காப்பிய மரபியலையும் சொல்லாம இருக்க முடியல. புல்லும் மரமும் ஓரறிவு, நந்தும் (நத்தை) முரளும் (சிப்பி) ஈரறிவு, சிதலும் (கரையான்) எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு, மாவும் (விலங்கு) மாக்களும் ஐயறிவு, மக்கள் ஆறறிவு. நம்மாளுங்க எப்பவோ பிரிச்சு வெச்சுட்டாங்க. இத சொல்லிட்டு அப்புறம் இன்னைய பாடத்துக்கு போகலாமே.

ஆறாப்பு சயின்ஸ் சார்:
ஐயா, உங்கமேல ரொம்ப மரியாதை உண்டு, ஆனா இதுல ஒரு எச்சரிக்கை சொல்லணும். தொல்காப்பியம் பிரிச்சது புலன்கள வெச்சு, நாம பாடத்துல பிரிக்கிறது உடம்பு அமைப்பு, இனப்பெருக்கம், சொந்தம் இதெல்லாம் வெச்சு. எறும்புக்கும் கண்ணு இருக்கு, நத்தைக்கும் கொம்பு நுனில கண்ணு இருக்கு, ஆக அந்த எண்ணிக்கை இன்னைய உயிரியலோட ஒத்துப் போகாது. "இதுதான் அது"ன்னு சொன்னா புள்ள பரிட்சைல குழம்பிடும். நண்டையும் தும்பியையும் ஒரே கூட்டத்துல வெச்சது இன்னைய கணுக்காலி கூட்டத்தோட ஒத்துப் போகுதுன்னு சொல்லி பெருமைப்பட்டாலும், மாடும் பாம்பும் மீனும் ஒண்ணா இருக்கறத என்ன சொல்வீங்க.

ஓய்வு தமிழய்யா:
ஒத்துக்கறேன் சார். அறிவியல் பாடத்துக்கு மாற்றா சொல்லல. எந்தக் கேள்விய வெச்சு பிரிக்கிறோமோ அதப் பொறுத்து கூட்டம் மாறும்னு காட்ட அது உதவும். ஒரே அட்டைங்கள ஒரு தடவ கால் எண்ணிக்கை வெச்சு, ஒரு தடவ எங்க வாழுதுன்னு வெச்சு, ஒரு தடவ எத்தன புலன்னு வெச்சு பிரிக்க சொன்னா, பிரிக்கிறதுன்னா என்னன்னு புரியும்.

ஆறாப்பு சயின்ஸ் சார்:
அது சரி ஐயா, அப்படின்னா நானும் உங்க கட்சி. டீச்சர், தவளையையும் வௌவாலையும் தப்பா வெச்ச புள்ளைங்களுக்கு இதையும் சொல்லுங்க, வகைப்பாட்டியலுக்கே தந்தைன்னு சொல்ற லின்னேயஸ் 1735-ல திமிங்கிலத்த மீன்லதான் வெச்சார், 1758 பதிப்புலதான் பாலூட்டிக்கு மாத்தினார். அவருக்கே இருபத்து மூணு வருஷம் ஆச்சு.
அப்புறம் ஏன் எலி நெறைய கழுகு கொஞ்சம்னு கேப்பாங்க. ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி புடிங்க, அது நெல்லு. அதுலேர்ந்து 100 மில்லி ஒரு டம்ளர்ல ஊத்துங்க, அது எலி. அதுலேர்ந்து 10 மில்லி சிரப் மூடில, அது பாம்பு. அதுலேர்ந்து 1 மில்லி, இங்க் ஃபில்லர்ல இருபது சொட்டு, அது கழுகு. மீதி எங்க போச்சுன்னா ஓடி ஆடி மூச்சு விட்டு உடம்பு சூடாவே தீந்து போச்சு. 1942-ல லிண்டிமேன்ங்கற அமெரிக்கர் மின்னசோட்டால ஒரு சின்ன ஏரிய ஆராஞ்சு எழுதினதுலேர்ந்து வந்த கருத்து இது. பத்து சதவீதம்ங்கறது தோராயம்தான், எடத்துக்கு எடம் கூடும் கொறையும், அஞ்சாப்புக்கு அது போதும்.

மசினகுடி பக்கம்:
கழுகோட சங்கிலி முடியுதுன்னு தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. செத்தத திங்கறவங்கள பாடத்துல எப்பவும் கடைசி வரில போட்டு முடிச்சிடறாங்க. நான் கால்நடை மருத்துவ உதவியாளரா இருக்கேன், எங்க மோயாறு பள்ளத்தாக்குல நீர்மருது மரத்துல பாறு கழுகு கூடு கட்டும். ஒரு காலத்துல இந்தியா பூரா கோடிக்கணக்குல இருந்தது, 1990-கள்லேர்ந்து பத்து பதினஞ்சு வருஷத்துல வெண்முதுகுப் பாறு நூத்துல ஒண்ணு கூட மிஞ்சல. காரணம் மாட்டுக்கு போட்ட டைக்ளோஃபினாக் வலி ஊசி. ஊசி போட்ட மாடு செத்தா அந்த மாட்ட தின்ன பாறுக்கு சிறுநீரகம் கெட்டு செத்துருச்சு. 2006-ல மாட்டுக்கு அந்த மருந்த தடை செஞ்சாங்க, பதிலுக்கு மெலாக்சிகாம்ங்கற மருந்து வந்துச்சு. பாறு இல்லாம போனதும் செத்த மாடு கெடந்து நாறிச்சு, தெருநாய் பெருகிச்சு. மாட்டுக்கு போட்ட ஊசி வானத்துல பறக்கற பறவைய கொன்னதுன்னு சொன்னா அஞ்சாப்பு புள்ள கண்ண விரிச்சு கேக்கும். பாறுல ஆரம்பிச்சு காளான், பாக்டீரியா, மண்புழு வரைக்கும் எல்லாம் சேந்துதான் திரும்ப நெல்லுக்கு வருது.

களத்துமேடு:
இதே மாதிரிதான் தவளைக் காலு ஏற்றுமதி. வெளிநாட்டுக்கு அனுப்ப சாக்கு சாக்கா புடிச்சாங்கன்னு அப்பா சொல்வாரு, மழைக்காலத்துல கத்தற சத்தமே கொறஞ்சு போச்சாம். 1987-ல அரசாங்கம் ஏற்றுமதிய தடை செஞ்சுது. எலி மருந்தும் யோசிச்சுதான் வெக்கணும், மருந்து தின்ன எலிய கூகை தின்னா கூகைக்கும் போகும். நான் இப்ப வயல்ல டீ (T) எழுத்து வடிவத்துல குச்சி நட்டு வெக்கிறேன், ராத்திரி கூகை வந்து உக்காந்து எலி புடிக்குது, குச்சி மேல வெள்ளையா எச்சம் கெடக்கும் காலைல.

அஞ்சாப்பு டீச்சர்:
எல்லாருக்கும் ஒரு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும்.
"க்கு" முறைய மறுநாளே செஞ்சோம். திரும்ப டெஸ்ட் வெச்சேன், 23-ல 3 பேருக்குத்தான் அம்பு திரும்பி இருந்துச்சு, அந்த மூணு பேரும் வாயால சொல்லும்போது சரியா சொன்னாங்க. ஐயாவுக்கு என்னோட நமஸ்காரம்.
கூகை உருண்டை கோயில் அர்ச்சகர்கிட்ட கேட்டதும் அவரே ஏழு எடுத்து வெச்சிருந்தார், ஒரு அம்மா வீட்டு ஓவன்ல சூடு பண்ணி குடுத்தாங்க. நாலு நாலு பேரா உக்கார வெச்சேன். முதல் பத்து நிமிஷம் ஒரே சத்தம், அப்புறம் ரூம்ல பேச்சே இல்ல, எல்லாரும் குனிஞ்சு ஊசியால முடிய விலக்கிக்கிட்டு இருக்காங்க. மொத்தம் 19 மண்டை ஓடு வந்துச்சு, 14 எலி, 5 மூஞ்சூறு. மானும் புலியும் இல்லன்னு கேட்டானே அந்தப் பையன், அவன் ஒரு மூஞ்சூறு தாடைய வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு "டீச்சர் இதுக்கு எடம் விட்டு பல்லு இல்ல, இது வேற கூட்டம்"னு யாரும் சொல்லாமலே சொன்னான். எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. இப்ப அந்த எலும்பெல்லாம் கருப்பு சார்ட்ல ஒட்டி சுவத்துல இருக்கு, நாலாப்பு புள்ளைங்க போற வரவங்களுக்கு விளக்கம் சொல்றாங்க.
நேத்து மடைகிட்ட போனோம். தலைப்பிரட்டை கல்லுமேல பாசிய சுரண்டி தின்னுட்டு இருந்துச்சு, அத பாத்துட்டு ஒரு பொண்ணு கேட்டா, "டீச்சர், தவளை பூச்சி தானே திங்கும், இது பாசி திங்குதே, இத தாவர உண்ணில வெக்கணுமா ஊன் உண்ணில வெக்கணுமா?" நான் இன்னும் பதில் சொல்லல, நாளைக்கு சொல்றேன்னுட்டு வந்துட்டேன்.

ஆறாப்பு சயின்ஸ் சார்:
ரெண்டுலயும் வெக்கலாம் டீச்சர், எந்த வயசுன்னு பக்கத்துல எழுதிட்டா போதும். சின்ன வயசுல செவுளால மூச்சு விட்டு தண்ணில பாசி தின்னுது, பெரிசானதும் நுரையீரலாலயும் ஈரத்தோலாலயும் மூச்சு விட்டு பூச்சி தின்னுது, அதனாலதான் இருவாழ்விங்கற தனிக் கூட்டமே. மீன் கூட்டத்துல வெச்ச புள்ளைங்க தலைப்பிரட்டைய நெனச்சு வெச்சிருப்பாங்க.
அதோட இன்னொன்னையும் குடுங்க, நல்லா யோசிப்பாங்க. தட்டான் முட்டை விடறது தண்ணில. அதோட குஞ்சு தண்ணிக்குள்ள வளரும், தாடைய முன்னாடி நீட்டி தலைப்பிரட்டைய புடிச்சு தின்னும். அதே தட்டான் றெக்கை முளைச்சு வெளிய வந்தா, தப்பிச்ச தலைப்பிரட்டை தவளையாகி அத புடிச்சு தின்னும். "தலைப்பிரட்டை தட்டானுக்கு, தட்டான் தவளைக்கு." அந்த அம்ப எப்படி வரையறாங்கன்னு பாத்துட்டு வந்து எழுதுங்க.

அஞ்சாப்பு டீச்சர்:
இன்னைக்கு குடுத்தேன் சார். 23 பேரும் 23 விதமா வரைஞ்சாங்க, அந்தப் பொண்ணு மட்டும் நோட்ட என்கிட்ட குடுக்கல. ரெண்டு தவளை, ரெண்டு தட்டான் வரைஞ்சிருக்கா, தண்ணிக்கு கீழ ஒரு ஜோடி, மேல ஒரு ஜோடி, நடுவுல அலை மாதிரி நீலத்துல ஒரு கோடு. கீழ அம்பு ஒரு பக்கம் போகுது, மேல திரும்பி வருது. கலர் அடிச்சு முடிச்சுட்டு நாளைக்கு தரேன்னு வீட்டுக்கு எடுத்துட்டு போயிட்டா.